பெயரை அழித்துவிட்டுப் பாருங்கள்: எந்த ஃபேன்டசி மோடை எடுப்பது?

கம்ப்யூட்டரில் நாடு பிடிக்கும் ஆட்டங்களில் சோழர்களை வைத்து கங்கை வரைக்கும் பிடித்தாயிற்று, இங்கிலாந்தை வைத்து பிரான்சையும் விழுங்கியாயிற்று, அடுத்து என்ன என்று தோன்றும்போதுதான் ஃபேன்டசி மோட் பக்கம், அதாவது இருக்கிற ஆட்டத்தை ரசிகர்களே கற்பனை உலகமாக மாற்றிச் செய்த பதிப்புகள் பக்கம், கண் போகும். ஏற்காட்டிலிருந்து சித்தி மகன் போன் போட்டுக் கேட்டதும் இதைத்தான். "அண்ணா, நல்ல மோடா ஒண்ணு சொல்லுங்க. மழை ஆரம்பிச்சா வெளிய தலைகாட்ட முடியாது." அவனிடம் இருப்பது கல்லூரிக் காலத்து லேப்டாப். 4 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, பேட்டரி செத்துப் பல நாளாகிறது. மழையோடு காற்றும் சேர்ந்தால் மேலே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நெட் பகலில் ஒரு மாதிரி, ராத்திரி ஒரு மாதிரி. கீழே சேலத்து ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் என் நண்பர் இதற்கு நேர் எதிர். கேமிங் பிசி, ஃபைபர் இணைப்பு, யூபிஎஸ் எல்லாம் உண்டு, ஆட நேரம்தான் இல்லை. அவருக்கும் இதே கேள்வி. இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொன்னால் அதில் ஒருவர் என்னைத் திட்டுவது உறுதி.

மோடின் பக்கத்தில் போட்டிருக்கும் படங்களைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். எல்லாவற்றிலும் டிராகனும் கோட்டையும் எரிகிற வானமும்தான் இருக்கும். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. ஆட்டத்தில் இருக்கும் ஊர்ப் பெயர், ஆள் பெயர், கொடி எல்லாவற்றையும் அழித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் இது வேறு ஆட்டமாகத் தெரிகிறதா? நான் எடுக்கும் முடிவுகள் மாறுகின்றனவா? மாறினால் அந்த மோடுக்கு நேரம் ஒதுக்கலாம். மாறாவிட்டால் அது வெறும் வேஷம். கதை பிடித்தவர்கள் அதற்காக மட்டும் ஆடலாம். இன்னொன்றும் உண்டு. மோட் உலகத்தைத்தான் மாற்றும், அடியில் இருக்கும் ஆட்டத்தின் குணத்தை அல்ல. அடிப்படை ஆட்டத்தில் எது உங்களை எரிச்சலூட்டியதோ அது எல்ஃப் நாட்டிலும் கூடவே வரும்.

இப்படிச் சலித்துப் பார்த்தால் பேசத் தகுந்தவை நான்குதான் நிற்கின்றன: மெடீவல் 2: டோட்டல் வாருக்கு தேர்ட் ஏஜும் அதன் மேல் கட்டப்பட்ட டிவைட் அண்ட் காங்கரும் (இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறேன்), க்ரூசேடர் கிங்ஸ் வரிசைக்கு ஏ கேம் ஆஃப் த்ரோன்ஸ், யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4-க்கு அன்பென்னார், சிவிலைசேஷன் 4-க்கு ஃபால் ஃப்ரம் ஹெவன் 2. மெடீவல் 2-க்கு கால் ஆஃப் வார்ஹேமர் என்று ஒரு மோட் இருந்தது, ஒரு காலத்தில் பெரிய பெயர். ஆனால் 2016-லிருந்து டோட்டல் வார்: வார்ஹேமர் அதிகாரப்பூர்வமாகவே கிடைக்கும்போது அதைத் தேடிப் போவதில் பொருளில்லை.

முதலில் தேர்ட் ஏஜ். மெடீவல் 2 வந்தது 2006-இல், கிங்டம்ஸ் விரிவாக்கம் 2007-இல். இந்த மோடுக்கு கிங்டம்ஸ் கட்டாயம். ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் இப்போது விற்கும் டெஃபினிட்டிவ் எடிஷனில் அது சேர்ந்தே வருவதால் கவலை இல்லை. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் மத்திய பூமி முழுக்க மேப்பில் இருக்கிறது. காண்டோர், ரோஹன் என்ற மனித நாடுகள், மலைக் குள்ளர்களான ட்வார்ஃப்கள், சாகாத இனமான எல்ஃப்கள் ஒரு பக்கம். மோர்டோர், ஐசன்கார்ட், ஹாரட் இன்னொரு பக்கம். டிவைட் அண்ட் காங்கர் இதே உலகத்தில் இன்னும் பல ஃபேக்ஷன்களையும் (ஆட்டத்தில் மோதும் நாடுகள்) யூனிட்களையும் (படைப்பிரிவுகள்) சேர்த்து, மூல மோடை விடப் பெரியதாகவே வளர்ந்துவிட்டது. இன்று புதிதாகத் தொடங்குபவர் நேராக அதற்கே போகலாம்.

பெயர்களை அழித்துப் பார்த்தால் இது பாதி பாஸ், பாதி ஃபெயில். கேம்பெய்ன் மேப்பில் நீங்கள் செய்வது அதே பழைய வேலைதான். வரியை ஏற்று, மதிலை உயர்த்து, படையைச் சேர், அடுத்த ஊருக்கு நட. காண்டோரின் மினாஸ் டிரித் நகரில் உட்கார்ந்து செய்கிறோம் என்பதைத் தவிர பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சண்டைக் களத்தில் இறங்கிவிட்டால் கதை வேறு. ட்வார்ஃப்களிடம் குதிரைப் படையே கிடையாது. மெடீவல் 2-இல் குதிரையைச் சுற்றி அனுப்பிப் பின்னால் அடித்தே பழகியவருக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கும். எதிரே ஆர்க் என்ற அரக்கர் கூட்டம் கடல் போல வரும், நடுவே ட்ரோல் என்ற ராட்சதப் பிறவி ஒன்று கையை வீசினால் நாலைந்து பேர் தூக்கி எறியப்படுவார்கள். அங்கே உங்கள் கோடாலிக்காரர்களின் வரிசை கலையாமல் நின்றால் போதும், அதுவே வெற்றி. இந்த ஒரு காட்சிக்காக இந்த மோடை வைத்திருப்பவர்கள் ஏராளம், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

எஞ்சினின், அதாவது அடியில் இருக்கும் ஆட்டத்தின், குணமும் கூடவே வருகிறது என்றேனே, அது இங்கே முற்றுகையில் தெரியும். வாசலில் படை சிக்கிக்கொண்டு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. மெடீவல் 2 ஆடிய எல்லோருக்கும் தெரிந்த வியாதி அது. எஞ்சின் பழையது, 32 பிட்; ஃபேக்ஷன்கள் 31-ஐத் தாண்ட முடியாது, மாகாணங்கள் 199-ஐத் தாண்ட முடியாது. டிவைட் அண்ட் காங்கர் இந்தச் சுவர் வரைக்கும் வந்து முட்டிக்கொண்டு நிற்கும் மோட். நீண்ட கேம்பெய்னில் கிராஷ் வரும், அடிக்கடி சேவ் செய்துகொள்ள வேண்டும். இதில் ஏற்காட்டுக்காரனுக்கு ஒரு சிக்கல்: டோட்டல் வாரில் சண்டை நடுவே சேவ் செய்ய வழியில்லை. பெரிய முற்றுகையை முக்கால் வாசி முடித்த நேரத்தில் கரண்ட் போனால் முதலிலிருந்துதான்.

க்ரூசேடர் கிங்ஸ் பக்கம் வருவோம். இங்கே படையைவிட குடும்பம் முக்கியம். யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், யாருக்கு வாரிசு இல்லை, எந்தத் தம்பி அண்ணன் சாப்பாட்டில் விஷம் வைக்கப் பார்க்கிறான், அதுதான் ஆட்டம். ஏ கேம் ஆஃப் த்ரோன்ஸ் மோட் முதலில் க்ரூசேடர் கிங்ஸ் 2-க்கு 2012-இல் வந்தது, 3-க்கு 2023-இல் வந்தது. அந்தக் கதையே இங்கிலாந்தின் ரோஜாப் போர்களின் சாயலில் எழுதப்பட்டதுதான். ஆகவே அடியில் இருக்கும் ஆட்டத்துக்கும் மேலே போட்ட கதைக்கும் சண்டையே இல்லை. பெயர்களை அழித்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டால், மிக நல்ல க்ரூசேடர் கிங்ஸ் மிஞ்சும். வேறு ஆட்டம் அல்ல, இருந்த ஆட்டமே கூர்மையாகியிருக்கிறது. அதற்கு மேல் டிராகன். டிராகனை அடக்கியவனுக்கும் அடக்காதவனுக்கும் ஒரே குடும்பத்துக்குள்ளேயே மதிப்பு மாறிவிடுவது இந்த ஆட்டத்துக்கென்றே அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது.

இதே எஞ்சினில் டோல்கீன் உலகைக் கொண்டுவந்த ரியல்ம்ஸ் இன் எக்ஸைல் என்ற இன்னொரு மோடைப் பார்த்தால் எஞ்சின் எங்கே முரண்டு பிடிக்கிறது என்று புரியும். அங்கே எல்ஃப்களுக்குச் சாவு இல்லை. க்ரூசேடர் கிங்ஸின் உயிரோ சாவில்தான் இருக்கிறது. அரசர் செத்தால்தான் நாடு பங்கு பிரியும், மூத்தவனும் இளையவனும் மோதுவார்கள், புதுத் தலைமுறை வேறு குணத்தோடு வந்து உங்கள் திட்டத்தைக் கெடுக்கும். சாகாத அரசரை வைத்து ஆடினால் பத்து இருபது வருடம் ஓடியபின் எதுவும் நடக்காது. அந்த மோடில் மனிதர்களை எடுத்து ஆடுங்கள், நன்றாக இருக்கும். எல்ஃப் அரசராக ஆட ஆசைப்பட்டால் இந்த எஞ்சின் அதற்கு ஏற்றதல்ல.

செலவைப் பொறுத்தவரை ஒரு செய்தி: க்ரூசேடர் கிங்ஸ் 2-இன் அடிப்படை ஆட்டம் 2019 அக்டோபரிலிருந்து ஸ்டீமில் இலவசம். 3-க்குக் காசு கொடுக்க வேண்டும், கொஞ்சம் தாங்குகிற மெஷினும் வேண்டும். 3-இல் பாத்திரங்கள் முப்பரிமாணத்தில் வந்து நிற்பார்கள், முகம் சுளிப்பார்கள். இரக்க குணமுள்ள அரசர் கைதியின் தலையை எடுத்தால் அவருக்கே மன அழுத்தம் ஏறும். ஃபேர்லேண்ட்ஸ் நண்பருக்கு இது பிடிக்கும், ராத்திரி அரை மணி நேரம் உட்கார்ந்தாலே ஒரு கல்யாணம், ஒரு கொலை முடிந்துவிடும். 4 ஜிபி ரேமில் 3-ஐத் தொடவே வேண்டாம்.

அன்பென்னார் இன்னொரு ரகம். ஏற்கெனவே இருந்த நாவலையோ சினிமாவையோ எடுக்காமல், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனை விளையாட்டின் பாணியில் சொந்தமாகப் படைத்த உலகம். அடிப்படை ஆட்டத்தைப் போலவே 1444-இல் தொடங்கும். மேப்பில் எல்ஃப், ட்வார்ஃப், ஆர்க், காப்ளின், ஹார்ப்பி, கோபோல்ட் என்று எல்லா இனமும் உண்டு, பல நாடுகளுக்குத் தனித் தனி மிஷன்கள். அந்த மிஷன்களைப் படித்துக்கொண்டே போனால் ஒரு தொடர்கதை வாசித்த திருப்தி கிடைக்கும்.

ஆனால் எங்கே உட்கார்ந்து ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மார்க். மேற்கே கானோர் கண்டத்தில் லோரென்ட் போன்ற நாட்டை எடுத்தால், பெயரை அழித்த பிறகு எஞ்சுவது பெரும்பாலும் ஐரோப்பாதான். தேர்வாளர்கள் கூடிப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பாதியில் மதம் இரண்டாகப் பிளக்கிறது, அதை ஒட்டி ஒரு பெரும்போர். பழகிய பாதை. கிழக்கே எஸ்கானுக்கு வந்தால் ஆர்க் படையெடுப்பில் அழிந்த நிலத்தில் சாகசக் கூட்டங்கள் நாடு பிடிக்க அலைகின்றன. உங்களுக்கு நிலைத்த நாடு கிடையாது, கூட்டம் மட்டும் உண்டு. எங்கே குடியேறுவது என்பதே முதல் முடிவு. மோட் போடாத மூல ஆட்டத்தில் அபூர்வமாகத்தான் வரும் கேள்வி இது.

உச்சம் எது என்று கேட்டால் செர்பென்ட்ஸ்பைன் மலைத்தொடருக்கு அடியில் இருக்கும் ட்வாரோவார். முன்னொரு காலத்தில் ட்வார்ஃப் பேரரசு இருந்த குகைகள் அவை, இப்போது ஆர்க்குகளும் காப்ளின்களும் குடியிருக்கிறார்கள். டூரன் புளூஷீல்டின் கூட்டம் போன்ற ஒன்றை எடுத்துக்கொண்டு குகை குகையாக நகர்ந்து, பாழடைந்த பழைய கோட்டை ஒன்றைப் பிடித்து, செப்பனிட்டு, அதன் பிறகு கீழே தோண்ட ஆரம்பிக்க வேண்டும். தோண்டத் தோண்ட வருமானம் ஏறும். அதோடு ஆபத்தும் ஏறும். இன்னும் ஒரு தட்டு இறங்கலாமா, இருப்பதை வைத்து இருந்துகொள்ளலாமா என்று யோசிக்கும் இடத்தில் இது யூரோப்பா யூனிவர்சாலிஸே அல்ல. நாடு பிடிக்கும் ஆட்டத்தில் முதல்முறையாக நிலத்தைப் பக்கவாட்டில் பார்க்காமல் கீழ்நோக்கிப் பார்க்கிறோம்.

சேலத்துக்காரனுக்கு இதில் ஒரு தனிச் சாய்வு இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். கஞ்சமலையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு மலைக்குள் இரும்பு இருக்கும் என்பது கற்பனை அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்கு இந்தப் பக்கத்துத் தாதுதான் போனது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆட்டத்தில் 2022-இல் சேர்ந்த திராவிடர்களுக்கு வூட்ஸ் எஃகு ஒரு தனித் தொழில்நுட்பம், எதிரியின் கவசத்தையே கணக்கில் எடுக்காமல் வெட்டும். அப்படி ஒரு ஊரிலிருந்து வந்தவன் ட்வார்ஃப் பக்கம் சாயாமல் எங்கே போவான்? என் மார்க்கில் அரை மார்க்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அன்பென்னாரின் விலை பொறுமை. ஃபேர்லேண்ட்ஸ் நண்பர் லோடிங்கைத் தட்டிவிட்டு, தெருமுனையில் தட்டுவடை செட் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு வரலாம், அவசரமே இல்லை. யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 தெரியாதவர் இதில் நேராகக் குதித்தால் முதல் மாலையே மூடிவிடுவார். நிர்வாகப் புள்ளி, ராஜதந்திரப் புள்ளி, ராணுவப் புள்ளி என்ற மூன்றையும் வைத்துக் கணக்குப் போடும் அந்த எஞ்சின் முதலில் கைவர வேண்டும். டிஎல்சிகளும் (ஆட்டத்துக்குத் தனியாக விற்கும் கூடுதல் பகுதிகள்) கணிசமாகத் தேவை. மொத்தமாக வாங்காமல் மாதச் சந்தா எடுத்து ஆடிப் பார்ப்பது புத்திசாலித்தனம். 2025 நவம்பரில் யூரோப்பா யூனிவர்சாலிஸ் 5 வந்துவிட்டதே என்று கேட்கலாம். அன்பென்னாரில் பல வருடமாகக் குவிந்த உழைப்பு 4-இல்தான் இருக்கிறது, ஆகவே இதற்காக 4-ஐ வைத்திருப்பதில் தப்பில்லை.

கடைசியாக ஃபால் ஃப்ரம் ஹெவன் 2. படங்களைப் பார்த்தால் நான்கிலும் இதுதான் மட்டம். சிவிலைசேஷன் 4 வந்தது 2005-இல், இந்த மோட் ஓட 2007-இல் வந்த பியாண்ட் த ஸ்வார்ட் விரிவாக்கம் வேண்டும், 3.19 பேட்சோடு. கேல் என்ற பெயரில் அறியப்பட்ட டெரெக் பேக்ஸ்டன் தலைமையில் உருவானது. பெயரை அழித்துப் பார்க்கும் சோதனையில் நான்கிலும் அதிக மார்க் வாங்குவது இந்தப் பழையதுதான்.

ஏன் என்றால் இங்கே ஒவ்வொரு ஜனமும் வேறு விதியில் ஆடுகிறது. லியோசால்ஃபர் எல்ஃப்களை எடுத்துக்கொள்ளுங்கள். சிவிலைசேஷனில் காடு என்றால் வெட்டு, உற்பத்தி கிடைக்கும், அந்த இடத்தில் பண்ணை போடு என்பதுதான் பாடம். எல்ஃப்களோ காட்டை வெட்டாமல் அதற்குள்ளேயே பண்ணையும் குடியிருப்பும் போடலாம். சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடியும் மரத்தைச் சுற்றி மிளகுக் கொடியும் விட்டிருக்கும் ஏற்காட்டுத் தோட்டம் எப்படியோ, மேப்பில் அவர்கள் நாடு அப்படித்தான் ஆகும். மரம் போனால் எல்லாம் போச்சு. எதிரி உள்ளே வந்து காட்டை எரித்தால் வயிறு எரியும். கஜாத் என்ற ட்வார்ஃப்களுக்கோ கஜானாவே கடவுள். நகரத்துக்கு இவ்வளவு பொன் என்று கணக்கு. பெட்டகம் நிறைந்திருந்தால் மக்கள் மகிழ்ச்சி, காலியானால் முகம் தொங்கிவிடும். சாதாரணமாகச் செலவழிக்கத்தானே பொன் சேர்க்கிறோம்? இங்கே செலவழிப்பதே தண்டனை. புது நகரம் கட்டினாலும் பொன் பங்கு குறைகிறது. கலாபிம் வாம்பயர்கள் தங்கள் சொந்த நகரத்து ஜனத்தைத் தின்று அனுபவப் புள்ளி ஏற்றிக்கொள்வார்கள்.

இதற்கெல்லாம் மேலே ஆர்மகெடான் கவுன்ட்டர் என்று ஒரு எண். ஊர்களை எரித்துத் தரைமட்டமாக்கினாலும், ஆஷன் வெயில் என்ற நரக மதம் பரவினாலும் அது ஏறும். பாழடைந்த இடங்களைப் புனிதப்படுத்தினால் இறங்கும். ஏற ஏற நோய், பஞ்சம், ஊழிக்காலத்துக் குதிரைவீரர்கள் என்று உலகமே கெட்டுக்கொண்டு போகும். ஆட்டத்தின் நடுவில் யாராவது ஒருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தால் ஹைபோரெம் என்ற நரகத் தலைவன் தன் நாட்டோடு மேப்பில் இறங்குவான். தீய பக்கத்துப் படைவீரர்கள் எங்கே செத்தாலும் அவர்கள் அவனுக்குக் குடிமக்களாகப் போய்ச் சேருவார்கள். அதாவது, நாம் ஜெயிக்கிற ஒவ்வொரு சண்டையும் அவனை வளர்க்கலாம். சண்டை போடுவதா வேண்டாமா என்ற முடிவையே மாற்றுகிற ஒரு விதி இது, பெயர் எதுவாக இருந்தாலும்.

குறை இல்லையா? உண்டு. கம்ப்யூட்டர் எதிரிகளுக்கு மந்திரத்தை ஒழுங்காகப் பயன்படுத்தத் தெரியாது. கொஞ்சம் பழகியவரிடம் சுலபமாகத் தோற்றுவிடும். அதற்கு மோர் நேவல் ஏஐ என்ற துணை மோட் உதவும். முதல் ஆட்டத்திலேயே அதைப் போட வேண்டாம், இரண்டாவதற்குப் பார்க்கலாம். மந்திரம், மதம், நாயகர்கள் என்று படிக்க நிறைய இருக்கிறது. ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் சிவிலோபீடியாவைத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் குட்டிக் கதை உண்டு. அதை வாசிக்காமல் ஆடுபவர் பாதியை இழக்கிறார். இறக்குவதற்கு முன்னால் ருசி பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. பியாண்ட் த ஸ்வார்டோடு வரும் சினாரியோக்களில் ஏஜ் ஆஃப் ஐஸ் என்று ஒன்று, கேல் செய்தது, இதே உலகத்தில் நடப்பது. அது பிடித்தால் மோடும் பிடிக்கும்.

அப்புறம் கரண்ட், நெட் சமாச்சாரம். பாரடாக்ஸ் நிறுவனத்தின் க்ரூசேடர் கிங்ஸ், யூரோப்பா யூனிவர்சாலிஸ் ஆட்டங்களுக்கு மோட்கள் ஸ்டீம் ஒர்க்ஷாப் வழியாகத் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. பாதிக் கேம்பெய்னில் அப்டேட் வந்து சேவ் திறக்காமல் போகும்போதுதான் தெரியும். ஸ்டீமில் ஆட்டத்தின் பீட்டாஸ் பகுதிக்குப் போய் ஆட்டத்தைப் பழைய வெர்ஷனிலேயே நிறுத்திவைக்கலாம், ஆனால் மோடும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். மெடீவல் 2-க்கும் சிவிலைசேஷன் 4-க்கும் இந்தத் தலைவலியே கிடையாது. மோட் ஒரு ஃபோல்டர், அதைக் கொண்டுபோய் ஆட்டத்தின் மோட்ஸ் ஃபோல்டரில் வைத்தால் முடிந்தது. சேலத்தில் இறக்கி பென் டிரைவில் போட்டு மலை பஸ் ஏறும் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம்.

ஆகவே ஃபேர்லேண்ட்ஸ் நண்பருக்கு க்ரூசேடர் கிங்ஸ் 3, ஏ கேம் ஆஃப் த்ரோன்ஸ். அவர் எங்கே விட்டாலும் திரும்ப வந்து தொடரலாம். சண்டைக் களத்துக்காகவே ஆடுபவர்கள், வீட்டில் யூபிஎஸ் இருந்தால், டிவைட் அண்ட் காங்கருக்குப் போங்கள். எனக்கு ட்வாரோவார் போதும், இன்னும் தோண்ட வேண்டியது நிறைய இருக்கிறது. ஏற்காட்டுத் தம்பிக்கு ஃபால் ஃப்ரம் ஹெவன் 2 தான், சந்தேகமே இல்லை. மேப் அளவை ஸ்டாண்டர்டுக்கு மேல் வைக்காதே, பெரிய மேப்பில் மெமரி தீர்ந்துவிடும். சிவிலைசேஷனின் ஐஎன்ஐ ஃபைலைத் திறந்து ஆட்டோசேவ் இடைவெளியை 1 என்று மாற்றிவிடு; கரண்ட் எப்போது போனாலும் ஒரு டர்னுக்கு மேல் நஷ்டமாகாது. தங்கச்சியும் ஆட வந்தால் ஹாட்சீட் போட்டு ஒரே லேப்டாப்பில் மாற்றி மாற்றி ஆடலாம். முதல் ஆட்டத்துக்கு கஜாத்தை எடு, நகரங்களைக் குறைவாக வை, பெட்டகத்தில் கை வைக்காதே. எல்ஃப்களை அவளுக்குக் கொடுத்துவிடு.